ஐ.பி. போடுவதா, பேசித் தீர்ப்பதா, அப்படியே விடுவதா? சொத்தில்லாத கடனாளிக்கு எது ஒத்துவரும்

கடலூர் பக்கம் கடன் முற்றிப்போனால் பக்கத்தில் இருக்கும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பேசாம மஞ்சக் கடுதாசி குடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு." கோர்ட்டில் ஒரு மனு, கடன் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் ஒரு நோட்டீஸ், அத்தோடு விட்டது தொல்லை என்று கேட்பவருக்கும் தோன்றும். மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் இந்த எண்ணத்தோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐ.பி., அதாவது திவால் மனு, போட்டு உண்மையிலேயே மூச்சுவிட்டவர்களும் அவர்களில் உண்டு. வக்கீல் ஃபீஸும் நோட்டீஸ் செலவும் அழுதுவிட்டுப் பழைய இடத்திலேயே நின்றவர்கள் அவர்களைவிட அதிகம்.

யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்று பார்த்தால், அவரவர் வாங்கியிருந்த கடனின் வகைதான் அதைத் தீர்மானித்தது. கூலி வேலை, சொல்லிக்கொள்ளும்படி சொத்து கிடையாது என்ற நிலையில் இருப்பவருக்கு, திவால் மனு தரும் பாதுகாப்பில் பெரும்பங்கு வேறு சட்டங்களில் சும்மாவே கிடைக்கிறது. அவர் தூக்கத்தைக் கெடுக்கிற கடன்களையோ அந்த மனு தொடுவதே இல்லை. ஐ.பி. போடுவது, பேசித் தீர்ப்பது, முடிந்ததைக் கட்டிவிட்டு மற்றதை அப்படியே விடுவது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே ஆளின் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

அந்த ஆள், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கம்பெனிக்குக் கொட்டை உடைக்கப் போகும் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் இந்த மாவட்டத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் இப்படி ஒரு கணக்கு கிடைக்கும். மாதம் 11,000 ரூபாய் கூலி. வீட்டுக்காரருக்குக் கட்டட வேலை. மழைக்காலத்தில் அதுவும் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தில் வீட்டுச் சாமான் போனது. அதற்கு வாங்கியது, அதை அடைக்க வாங்கியது என்று இப்போது கையில் இருப்பவை: இரண்டு மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக்கடன், மீதி 62,000. அடகில் ஒன்றரைப் பவுன் சங்கிலி, 45,000. தெரிந்தவர் ஒருவரிடம் மூணு வட்டிக்கு ஒரு லட்சம். அதற்குப் புரோநோட்டும், கூடவே தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக் ஒன்றும். தண்டல் பத்தாயிரம். போதாததற்குத் தம்பி வாங்கிய டூவீலருக்கு ஜாமீன் கையெழுத்து.

குழுவுக்கு மாதம் 4,800. மூணு வட்டி 3,000. தண்டலுக்கு நாளைக்கு நூறு வீதம் 3,000. கூட்டினால் 10,800. சங்கிலியின் வட்டியை இன்னும் சேர்க்கவே இல்லை, கூலி முழுவதும் போய்விட்டது.

ஐ.பி. என்றால் சட்டத்தில் என்ன

தனிநபர் திவாலுக்கு இங்கே நடைமுறையில் இருப்பது நூறாண்டு பழைய சட்டம். சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். கடலூர் போன்ற மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். 2016இல் வந்த திவால் சட்டத்தைப் பற்றிச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோமே, அதில் தனிநபருக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அதை அமல்படுத்தினார்கள். சாதாரண ஆட்களுக்கு அது வரவில்லை.

அந்தப் பகுதியில் ஏழைகளுக்காகவே 'புதுத் தொடக்கம்' என்று ஒரு எளிய வழி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள், சொந்த வீடு இருக்கக்கூடாது. நாளைக்கே அமலுக்கு வந்தாலும் நம் அக்கா உள்ளே நுழைய முடியாது. அவருடைய ஆண்டுக் கூலி 1,32,000. கடன் இரண்டு லட்சத்துக்கு மேல். மாதம் ஐயாயிரத்துக்குள் சம்பாதிப்பவருக்கு 35,000க்கு மேல் யாரும் கடன் கொடுக்கமாட்டார்கள் என்று நினைத்து எழுதினார்களோ என்னவோ.

ஆகவே 1920தான். அதன்படி குறைந்தது 500 ரூபாய் கடன் இருந்து அடைக்க முடியாத நிலையில் இருப்பவர், அல்லது டிக்ரி (கடனைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு) நிறைவேற்றத்தில் கைதானவர், அல்லது சொத்து ஜப்தி ஆனவர் மனுப் போடலாம். குடியிருக்கும் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலோ அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்திலோ போடவேண்டும். யார் யாருக்கு எவ்வளவு கடன், என்னென்ன சொத்து என்று எல்லாவற்றையும் மனுவில் காட்டவேண்டும். நீதிமன்றம் ஒத்துக்கொண்டால் 'இவர் நொடித்தவர்' என்று உத்தரவு போடும். அந்த நிமிடம் முதல் அவருடைய சொத்து, நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தனியாக வழக்குப் போட முடியாது. இதுதான் ஐ.பி.யின் உயிர்நாடி.

இங்கேதான் ஊரில் உலவும் பேச்சுக்கும் சட்டத்துக்கும் இடைவெளி. மனுப் போட்டதுமே வழக்குகள் தானாக நின்றுவிடுவதில்லை. அந்த உத்தரவு வந்த பிறகே நிற்கும். உத்தரவு வந்தாலும் கைதிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்றால் அதற்குத் தனி மனு போடவேண்டும். கடன் தீர்ந்ததாகவும் அர்த்தமில்லை. கடனிலிருந்து விடுவிக்கும் உத்தரவுக்கு, அதாவது விடுவிப்புக்கு, எத்தனை நாளைக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்று முதல் உத்தரவிலேயே காலக்கெடு இருக்கும். அதைத் தவறவிட்டால் உத்தரவையே ரத்துசெய்துவிடுவார்கள், கடன்காரர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள். இரண்டாம் முறை மனுப் போட நீதிமன்ற அனுமதி வாங்கவேண்டும். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வக்கீல் கடிதம் போட்டாலும் வரமாட்டார்கள். ஊரை விட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போயிருப்பார்கள்.

விடுவிப்பிலும் ஒரு முள் உண்டு. சொத்தை விற்று ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதிக் கடனாவது தேறவில்லை என்றால் முழு விடுவிப்பு கொடுக்கக்கூடாது என்கிறது சட்டம். தன் தவறில்லாத சூழ்நிலையால் அப்படி ஆனது என்று காட்டினால் விதிவிலக்கு. கையில் ஒன்றும் இல்லாதவரிடம் எட்டணா எப்படித் தேறும்? ஆக அவர் முழுதாக நம்பவேண்டியது அந்த விதிவிலக்கைத்தான். வெள்ள நிவாரணப் பட்டியலில் பெயர் வந்த சான்று, ஆஸ்பத்திரி பில், வேலை போனதற்கான கடிதம் எல்லாம் அங்கேதான் பேசும். இவை இல்லாமல் போகிறவருக்கு நிபந்தனையோடோ தள்ளிவைத்தோதான் விடுவிப்பு கிடைக்கும்.

விடுவிப்பு கிடைக்கும் வரை இன்னும் சில கட்டுகள். இடையில் அப்பா வழியில் ஒரு பங்கு வந்தாலும் அது ரிசீவருக்குப் போகும். உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது. தான் நொடித்தவர் என்று சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் குற்றம். ஆமாம், ஐம்பது ரூபாய்தான். 1920இல் எழுதிய தொகையை யாரும் மாற்றவில்லை. எழுத்துப்படி பார்த்தால் மளிகைக் கடையில் அரைக்கிலோ துவரம்பருப்பைக் கணக்கில் எழுதச் சொன்னாலும் வம்புதான்.

பேசாமல் இருந்தால் என்ன பறிபோகும்

கடன் கொடுத்தவர் அதிகபட்சம் என்ன செய்ய முடியும் என்று தெரியாததால்தான் பாதிப் பயம். வழக்குப் போடுவார், டிக்ரி வாங்குவார், ஜப்திக்கு வருவார். எதை ஜப்தி செய்யக்கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஒரு நீண்ட பட்டியலே வைத்திருக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை. தாலி இதில் வரும். தொழிலாளியின் கருவிகள். விவசாயிக்கு உழவுச் சாமானும் மாடும். விவசாயியோ கூலித் தொழிலாளியோ வீட்டுவேலை செய்பவரோ சொந்தமாக வைத்துக் குடியிருக்கும் வீடு. ஆயுள் காப்பீட்டுப் பாலிசி. வருங்கால வைப்பு நிதி. எல்லாவற்றுக்கும் மேலாக, கூலித் தொழிலாளியின் கூலி முழுவதும்.

மாதச் சம்பளக்காரர் என்றால் கணக்கு வேறு. முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 11,000 சம்பளம் என்றால் 3,333 ரூபாய் வரைதான் பிடிக்கலாம், அதுவும் ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான். சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கும் தம்பிகளுக்கு இது தெரிந்திருந்தால் பாதி இரவுகள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

சிறை? பண டிக்ரிக்காக ஒரு பெண்ணைக் கைதுசெய்யவே முடியாது. ஆணைக் கைதுசெய்யலாம்: தொகை 5,000க்கு மேல் என்றால் மூன்று மாதம் வரை, 2,000க்குக் கீழே என்றால் கிடையாது. ஆனால் கட்ட வழியில்லாததற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் வைக்கக்கூடாது, வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று காட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980லேயே சொல்லிவிட்டது. உள்ளே இருக்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுப் படியையும் கடன் கொடுத்தவரே கட்டவேண்டும். இதைக் கேட்டதும் பாதிப்பேர் வாரண்ட் கேட்பதையே விட்டுவிடுவார்கள்.

சரி, அப்படியானால் அப்படியே விட்டுவிடலாமா? விடலாம், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு விடக்கூடாது. சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்புவதைவிடக் கெட்ட யோசனை வேறு இல்லை. ஆள் வரவில்லை என்றால் எதிர்த்தரப்பு சொன்ன தொகைக்கே டிக்ரி ஆகிவிடும். மூன்று வட்டி எழுதியிருந்தாலும், அசலில் பாதியைக் கட்டியிருந்தாலும், சொல்ல ஆள் இருக்காது. போய் நின்றால், டிக்ரி போடும்போதே தவணையில் கட்ட உத்தரவிடும்படி கேட்கலாம். நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. வியாபாரக் கடன் அல்லாதவற்றில் டிக்ரிக்குப் பிந்திய வட்டி ஆண்டுக்கு 6 சதவீதத்தைத் தாண்டாது. மாதம் 3,000 வட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கு மாதம் 500 என்று ஆகிறது. வழக்கு வந்ததே நல்லதாயிற்று என்று சிலர் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று காலக்கெடு. புரோநோட்டுக் கடனுக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். அதனால்தான் கெடு நெருங்கும்போது, "என்னம்மா, நோட்டு மூணு வருஷம் ஆகப்போவுது, ஒரு நூறு ரூபா வரவு வச்சுக் கையெழுத்துப் போட்டுடு" என்று வருவார்கள். பின்பக்கத்தில் வரவு வைத்துப் போடும் அந்தக் கையெழுத்து அடுத்த மூன்று ஆண்டைத் திறந்துவிடும். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று மனது சொன்னால் கொடுங்கள். என்ன செய்கிறோம் என்று தெரிந்து கையெழுத்துப் போடுங்கள். டிக்ரி ஆகிவிட்டால் அதை நிறைவேற்ற அவருக்கு 12 ஆண்டு இருக்கிறது என்பதையும் மறக்கவேண்டாம். இன்றைக்கு ஒன்றும் இல்லாதவர் பத்து ஆண்டு கழித்து ஒரு மனை வாங்கினால், பழைய டிக்ரி எழுந்து வரும்.

ஒவ்வொரு கடனுக்கும் ஒவ்வொரு குணம்

இப்போது அக்காவின் ஐந்து கடன்களையும் எடுத்துப் பார்ப்போம்.

குழுக்கடனில் அடமானம் இல்லை. சட்டப்படி பார்த்தால் ஐ.பி.க்குள் வரக்கூடியது. ஆனால் ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்ற பெண்கள் கட்டவேண்டும் என்பதுதான் அதன் ஏற்பாடு. ஒருவருக்குக் கிடைக்கும் விடுவிப்பு, கூடக் கையெழுத்துப் போட்டவரையும் ஜாமீனையும் விடுவிக்காது என்று 1920 சட்டமே சொல்கிறது. அதாவது அக்கா நொடித்தவர் ஆனால் எதிர்வீட்டுப் பெண்ணும் சித்தி மகளும் கட்டவேண்டும். குழாயடியில் தினமும் முகம் பார்க்கிறவர்களிடம் கோர்ட் உத்தரவைக் காட்டி என்ன செய்ய? இங்கே பேசித் தீர்ப்பதுதான் வழி. கையில் ஆயுதமும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்குக் கொடுக்கும் இந்தக் கடன்களில், எல்லாத் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக்கூடாது. தவணையை நீட்டித் தரச் சொல்லிக் கிளைக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் போகலாம். செலவு கிடையாது, 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

அடகு நகைக்கு ஐ.பி. ஒன்றும் செய்யாது. அடமானம் பிடித்தவர் தன் பொருளை விற்றுக்கொள்ளும் உரிமை அப்படியே இருக்கும். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பவுன் விலை ஏறிய ஏற்றத்தில், சில ஆண்டுக்கு முன் வைத்த சங்கிலி இன்று கடனைவிட நிறையவே கூடுதல் பெறும். ஏலத்தில் மிஞ்சும் தொகை உங்களுக்கு வரவேண்டியது, கேட்டு வாங்கவேண்டும். அதைவிட, ஏலம் வரை விடாமல் மீட்டு விற்றால் மிஞ்சுவதை வைத்து இன்னொரு கடனை மொத்தமாக அடைக்கலாம். ஐ.பி. போட்டபின் இந்த மிச்சமும் ரிசீவருக்கு உரியது. என் கணக்கில் அக்கா முதலில் செய்யவேண்டியது இதுதான்: சங்கிலியை மீட்டு விற்று, அதற்கு வட்டி கட்டுவதை நிறுத்துவது. பெண்ணுக்கு என்று எடுத்தது, மனது கேட்காது, தெரியும்.

தண்டல்காரர் கோர்ட்டுக்கே போகமாட்டார். ஆகவே கோர்ட் உத்தரவாலும் அவரை நிறுத்த முடியாது. அவர் வருவது வாசலுக்கு. பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் கொடுத்து நூறு நாளில் நூறு நூறாகப் பத்தாயிரம் வாங்கினால், ஆண்டுக் கணக்கில் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 வரை அபராதம். புகார் கொடுக்கும் இடம் காவல் நிலையம். அங்கே வாங்கவில்லை என்றால் எஸ்.பி. அலுவலகம். 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் ஒன்றையும் நிறைவேற்றியது. இவை தமிழ்நாட்டுச் சட்டங்கள். எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போய்விட்டால் தானாகச் செல்லாது. எல்லையோரத்தில் இருந்துகொண்டு பாகூர்ப் பக்கம் வட்டிக்கு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மூணு வட்டிக்காரரின் புரோநோட்டைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அதைவிட ஆபத்து, கூடக் கொடுத்த வெற்றுச் செக். அது பணம் இல்லாமல் திரும்பினால் நோட்டீஸ் வரும். 15 நாளில் கட்டாவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்ற வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம். தொகையை அவர்தான் எழுதிக்கொண்டார் என்று சொல்வது எளிதில் எடுபடாது. கையெழுத்து உங்களுடையது என்றால் கடனுக்காகக் கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணக்கை மூடினாலும் தப்பிக்க முடியாது. ஐ.பி. இந்தக் குற்ற வழக்கை நிறுத்தாது. பண டிக்ரிக்குப் பெண்ணைக் கைதுசெய்யக்கூடாது என்ற பாதுகாப்பும் இங்கே உதவாது. ஆகவே கையில் கொஞ்சம் பணம் புரண்டால் முதலில் போகவேண்டிய இடம் இது: பேசி ஒரு தொகைக்கு முடித்து, செக்கையும் நோட்டையும் திரும்ப வாங்குவது. வாய் வார்த்தையில் விட்டுவிட்டு வராதீர்கள். நோட்டை வாங்கிக் கிழித்துவிட்டுச் செக்கை மறந்துவிட்டு வந்தவர்களின் வழக்குக் கட்டுகளை நானே தைத்திருக்கிறேன்.

தம்பியின் டூவீலர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வண்டியை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். விற்றது போகக் குறைந்தால் ஜாமீனிடமும் கேட்கலாம். தம்பியே வண்டியைக் கொடுத்து எழுதி வாங்கிவிடுவது நல்லது.

அப்படியானால் ஐ.பி. யாருக்கு

மேலே உள்ள ஐந்தில் ஐ.பி. உண்மையாகத் தொடுவது ஒன்றே ஒன்று: புரோநோட்டு. ஒரே ஒரு புரோநோட்டுக்காக இவ்வளவு சுமை வேண்டியதில்லை. அக்காவுக்கு நான் ஐ.பி. சொல்லமாட்டேன்.

வேறு ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடலூர் முதுநகரில் சின்னதாகக் கருவாடு மொத்த வியாபாரம் செய்தவர். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சமாளிக்கவென்று பலரிடம் கைமாற்று வாங்கி, வியாபாரம் படுத்துவிட்டது. பத்துப் பதினைந்து பேருக்குப் புரோநோட்டு, செக் யாருக்கும் கொடுக்கவில்லை, நகை எல்லாம் போய்விட்டது. இரண்டு பேர் டிக்ரி வாங்கிவிட்டார்கள், ஒருவர் வாரண்ட்டுக்குப் போகிறார். இப்போது கூலிக்குப் போகிறார். இவருக்கு ஐ.பி. அர்த்தமுள்ளது. எல்லா வழக்கும் ஒரே இடத்துக்கு வரும், கைதிலிருந்து பாதுகாப்புக் கேட்கலாம், கணக்கு வழக்கை ஒளிக்காமல் காட்டினால் விடுவிப்பும் வரலாம். பத்து ஆண்டு கழித்து மனை வாங்கும்போது பழைய டிக்ரி துரத்தாது. எதிர்காலத்தில் ஏதாவது சேர்க்கும் வயதும் தெம்பும் இருப்பவருக்குத்தான் இது பலன் தரும்; அறுபதைத் தாண்டி முதியோர் ஓய்வூதியத்தில் இருப்பவருக்கு ஏறக்குறைய எதுவும் மாறாது.

இந்த வழியில் போக நினைப்பவர் முன்கூட்டியே செய்யக்கூடாதவை இரண்டு. வீட்டையோ மனையையோ மனைவி பெயருக்குச் சும்மா எழுதிவைப்பது ஒன்று; மனுவுக்கு முந்திய இரண்டு ஆண்டுக்குள் நடந்த அப்படிப்பட்ட மாற்றத்தைச் செல்லாது என்று அறிவிக்க முடியும். மனுவுக்கு முந்திய மூன்று மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுப்பது இன்னொன்று. மச்சானுக்கு மட்டும் முழுக்க அடைத்துவிட்டு மனுப் போடுகிற பழக்கம் நம்மூரில் உண்டு. மற்றவர்கள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். அரசுக்குக் கட்டவேண்டியது, மோசடியால் வந்த கடன், மனைவி பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம் ஆகியவை விடுவிப்பிலும் போகாது.

பேசித் தீர்ப்பதில் உள்ள நெளிவு சுளிவு

வங்கியோ ஃபைனான்ஸோ ஆண்டுக்கணக்கில் வராத கடனைக் குறைத்து முடிக்கத் தயாராகவே இருக்கும். அதற்கு நல்ல இடம் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றம். வழக்கு நிலுவையில் இருந்தாலும் போகலாம், வழக்கே போடாத நிலையிலும் போகலாம். அங்கே எழுதும் தீர்வுக்கு டிக்ரியின் மதிப்பு உண்டு, மேல்முறையீடு கிடையாது. வழக்குக்குக் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். 138 வழக்கைக்கூட அங்கே சமாதானமாக முடிக்கலாம். மேல்முறையீடு கிடையாது என்பது இரண்டு பக்கமும் வெட்டும். மாதம் 2,000 கட்டுகிறேன் என்று உணர்ச்சிவசப்பட்டு ஒத்துக்கொண்டுவிட்டு, மூன்றாம் மாதமே தவறினால் எதிர்த்தரப்பு நேராக நிறைவேற்ற மனுவுக்குப் போகும். சாப்பாடு, வாடகை, பிள்ளைகள் படிப்பு போக மிஞ்சுவதில் பாதியைத் தாண்டி வாக்குக் கொடுக்காதீர்கள்.

குறைத்து முடித்த கடன், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'முடிந்தது' என்று வராமல் 'செட்டில்டு' என்று வரும். அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல். இனிக் கடனே வேண்டாம் என்று இருப்பவருக்குக் கவலை இல்லை. பிள்ளை அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறது, கல்விக்கடனில் பெற்றோரும் கையெழுத்துப் போடவேண்டும் என்றால் யோசிக்கவேண்டும். முடித்தபின் 'பாக்கி இல்லை' என்று கடிதம் வாங்காமல் கிளையை விட்டு நகரக்கூடாது.

கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்று போனில் பேசி முன்பணம் கேட்கும் கம்பெனிகளைக் கணக்கிலேயே சேர்க்கவேண்டாம். அவர்கள் பேசுவதை நீங்களே இலவசச் சட்ட உதவியோடு பேசலாம். ஆப் கடன்காரர்கள் போனில் இருக்கும் எண்களுக்கெல்லாம் படம் அனுப்பி மிரட்டினால் சைபர் குற்றப் புகார் எண் 1930இல் சொல்லுங்கள். அடைக்கப் புதுக்கடன் வாங்குவது, மூன்றாவது குழுவில் சேர்வது இரண்டும் ஒரே கதை. கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி வரும் என்று கட்டாமல் காத்திருப்பவர்களும் உண்டு. 2021இல் ஐந்து பவுன் வரை தள்ளுபடி அறிவித்தபோது நிபந்தனைகளில் அடிபட்டு வெளியே நின்றவர்கள் எத்தனையோ பேர். வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம், திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது.

சின்ன வேலை ஒன்று, எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் செய்யவேண்டியது. கடன் இருக்கும் அதே வங்கியில் கூலியும், நூறுநாள் வேலைப் பணமும், மகளிர் உரிமைத் தொகையும் வந்து விழுகிறது என்றால், பாக்கிக்குப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. வேறு வங்கியிலோ தபால் நிலையத்திலோ ஒரு கணக்கைத் திறந்து வரவை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதற்காக இதையெல்லாம் தள்ளிப்போடவேண்டாம். பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடியின மக்கள், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழுக்கள் இருக்கின்றன. போனில் கேட்க 15100. போகும்போது கடன்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: யாரிடம், எப்போது, எவ்வளவு கையில் வந்தது, இதுவரை எவ்வளவு கட்டியது, என்ன கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, யார் ஜாமீன். குழு அட்டை, நகைச் சீட்டு, வந்த நோட்டீஸ் உறையோடு, ஆறு மாத வங்கிப் புத்தகம், வெள்ளம் ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட காகிதங்கள். செக் கொடுத்திருந்தால் செக் புத்தகத்தின் அடிக்கட்டையும். கைமாற்றாக உறவினரிடம் வாங்கியதையும் மறைக்காமல் எழுதுங்கள், ஐ.பி. பக்கம் போவதாக இருந்தால் விட்டுப்போன ஒரு பெயரே பின்னால் வில்லங்கமாகும்.